செல்வராணி அக்காவின் இடது கால்

எங்கள் தாமான் குடியிருப்பில் செல்வராணி அக்காவைத் தெரியாத வீடு இருக்காது. செடெனாக் பக்கத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வெள்ளை வேன் அவருடையது. என் மகன் கவினும் முதலாம் வகுப்பிலிருந்து அதில்தான் போனான். இருட்டுப் பிரியுமுன் கேட்டுக்கு வெளியே ஒரே ஒரு ஹார்ன் அடிப்பார். இரண்டாவது அடிக்க மாட்டார், காத்திருப்பார்.

அக்கா நடக்கும்போது உடம்பு இடப்பக்கம் சாயும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தோள் இறங்கி ஏறும். பிறவியிலேயே அப்படி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் ஆறு வயதுவரை தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவர் ஓடித் திரிந்திருக்கிறார். பின்னாளில் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்து வீட்டிலேயே கிடந்த மாதங்களில் அவர் இதையெல்லாம் எனக்குச் சொன்னார். அடுத்த வீடு என்பதால் பகலில் நான்தான் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய அம்மாவும் அப்பாவும் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். பள்ளியில் சேர்த்த வருடம் அவர் முட்டி வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார். விழுந்திருப்பாள் என்று அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டார். தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர் களிம்பு கொடுத்தார். மாதங்கள் போயின. குளிப்பாட்டும்போதுதான் இடது தொடை வலது தொடையைவிட மெலிந்திருப்பதை அம்மா கவனித்தார். லாரியில் ஏறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து போலிருக்கும், அதற்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. சில பிள்ளைகளுக்கு வருகிறது. பழைய எலும்பு செத்து உதிர்ந்து, புது எலும்பு மெதுவாக வளரும். அதுவரை அதன்மேல் பாரம் விழக்கூடாது. இவ்வளவையும் மொழிபெயர்த்துச் சொன்னவர் அவசரத்தில் இருந்திருப்பார் போலும். தாயின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே சத்தம் போட்டுச் சொல்லி அழுதார்.

“எலும்பு செத்துப் போச்சாம்.”

பக்கத்தில் நின்ற பிள்ளைக்கும் அது கேட்டது. தன் காலுக்குள் செத்துப்போன ஒன்று இருக்கிறது என்று அந்த வயதில் அவர் நம்பிவிட்டார். தொட்டால் அது முழித்துக்கொள்ளுமோ என்று இடது தொடையைத் தொடவே மாட்டாராம்.

ஆஸ்பத்திரியில் காலில் பட்டை சுற்றி, கயிறு கட்டி, கட்டிலுக்கு வெளியே எடை தொங்கவிட்டார்கள். பால் வெட்டுக்குப் போனால்தான் கூலி என்பதால் அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பிள்ளை, பெயர் மைமூன். இவருக்கு மலாய் அவ்வளவாகத் தெரியாது, அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இருந்தாலும் அவள் தன் பிஸ்கட்டைப் பாதி உடைத்துக் கை நீட்டிக் கொடுப்பாள். ஒரு காலையில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இரட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். மத்தியானம் வேறு ஒருத்தி வந்து அந்தக் கட்டிலின் விரிப்பை உருவிப் புதுசு விரித்தாள். மைமூன் எங்கே என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டதற்கு, “டியா சுடா பெர்கி” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவள் போய்விட்டாள் என்று அர்த்தம்.

“வேற வார்டுக்கு மாத்தியிருப்பாங்க. இல்ல, வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இப்ப யோசிச்சா தெரியுது,” என்றார் அக்கா. “ஆனா எனக்குள்ள இருக்கிற ஆறு வயசுப் புள்ள அத ஒத்துக்க மாட்டேங்குது ரூபினி.”

பிறகு மாவுக்கட்டு. இரண்டு காலையும் அகட்டி வைத்து, நடுவில் ஒரு கட்டை கொடுத்துக் கட்டியிருந்தார்கள். லயத்து வீட்டு வாசலுக்குள் நேராக நுழைய முடியாமல் அப்பா அவரைப் பக்கவாட்டில் திருப்பித்தான் தூக்கிப்போவாராம். கடைசியில் ஒரு வட்ட ரம்பத்தைக் கொண்டுவந்து மாவுக்கட்டை அறுத்தார்கள். தோலை வெட்டாது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. கத்திய கத்தில் சிறுநீர் போய்விட்டது.

நடை வந்தது. ஆனால் புதிதாக வளர்ந்த எலும்பு உருண்டையாக வளராமல் காளான் தலை போலத் தட்டையாக வளர்ந்துவிட்டது. கால் ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டையாகிப்போனது. அந்தக் காலோடுதான் படித்தார், தொழிற்சாலையில் நின்றார், சபாபதி அண்ணனைக் கட்டினார். மகள் பிரவீனா பிறந்தபோது மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார், அதுவும் போனதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே. பிள்ளை அழுத பிறகுதான் திறந்தேன் என்பார். பிறகு வேன் ஓட்ட லைசென்ஸ் எடுத்தார்.

நாற்பதைத் தாண்டியதும் வலி திரும்பி வந்தது. மறுபடியும் முட்டியில்தான். கிளினிக்கில் முட்டியைப் படம் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அக்கா முட்டிக்கு உறை மாட்டினார், சூடு எண்ணெய் தேய்த்தார். செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை; பிரவீனா மாட்டிவிட்டாள். வேனில் ஏறும்போது இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார். அதை நான் பார்த்துவிட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் கிளினிக்கில் புதிதாக வந்த டாக்டர் ஒருவர், முட்டியை விட்டுவிட்டு, படுக்க வைத்துத் தொடையை உள்பக்கமாகத் திருப்பினார். அக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டார். கோளாறு இடுப்பில், வலி மட்டும் முட்டிக்கு இறங்கி வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஜேபி பட்டணத்தில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே எலும்பு டாக்டர் லிம், படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். பந்துக்கும் அது உட்காரும் கிண்ணத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்றார்.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாராம், மயக்கம் கொடுத்தால் நிச்சயமாக முழிப்பு வருமா என்று. முழு மயக்கம் தேவையில்லை, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தால் போதும், நீங்கள் விழித்துக்கொண்டே இருக்கலாம் என்று டாக்டர் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். ஆறுதல் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அக்கா வெளியே வந்து கார் பார்க்கில் ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சபாபதி அண்ணன் தண்ணீர் வாங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். முதல் முறை பள்ளியில் பரீட்சை, வேன் ஓட்ட ஆள் இல்லை என்றார். இரண்டாவது முறை காய்ச்சல் என்றார். காய்ச்சல் இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் வற்புறுத்தவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மேடு.

பள்ளி விட்டுத் திரும்பும் நேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. தாமானுக்குள் திரும்பும் இடத்தில் சாலை கொஞ்சம் ஏற்றம். முன்னால் ஒரு லாரி நின்றதால் அக்காவும் நிறுத்தினார். லாரி கிளம்பியது. இவர் கிளம்ப வேண்டும். கிளட்சை மிதித்திருந்த இடது கால் அப்படியே பூட்டிக்கொண்டது. அழுத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இடுப்பிலிருந்து ஒரு வலி கிளம்பியதும், பிரேக்கில் இருந்த வலது கால் தன்னையறியாமல் நழுவிவிட்டது. வேன் பின்னால் உருள ஆரம்பித்தது.

“ஆன்டி, வேன் ஏன் பின்னால போகுது?” என்று கேட்டது என் கவின்தான். அவன் விளையாட்டு என்று நினைத்திருக்கிறான்.

அக்கா கைப்பிரேக்கை இழுத்தார். அதற்குள் பின் சக்கரம் ஒன்று ஓரத்துச் சாக்கடைக்குள் இறங்கி, வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிப் புல்லில் நிற்க வைத்து எண்ணினார். எண்ணி முடித்துத் திரும்ப எண்ணினார். நான் குடையோடு ஓடிப்போனபோது மூன்றாவது முறை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. பின்னால் ஒரு கார் வந்திருந்தால், அல்லது சாக்கடைக்குப் பதில் சாலையின் அந்தப் பக்கம் உருண்டிருந்தால் என்ற நினைப்போடு குடையை அவர் தலைக்குமேல் பிடித்தேன்.

அன்று மாலை சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து வேறொருவர் வண்டியில் பிள்ளைகள் போனார்கள். அடுத்த வாரம் அவரே மருத்துவமனைக்குப் போன் போட்டுத் தேதி கேட்டார்.

அறுவைக்கு முன்பு டாக்டர் லிம் எதையும் மறைக்கவில்லை. குட்டையான காலை நீளமாக்கும்போது இடுப்புக்குப் பின்னால் ஓடும் நரம்பும் சேர்ந்து இழுபடும். அரிதாக, பாதத்தைத் தூக்கும் சக்தி போய்விடலாம். சின்ன வயதிலேயே இடுப்பு கெட்டவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அண்ணன் இதைக் கேட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார். அவர் காதில் ஏதாவது விழுந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். பெட்டிக்குள் என்ன எடுத்து வைத்தோம் என்பதுகூட அவருக்கு அன்று நினைவில்லை.

அறுவை நாள் காலையில், தள்ளுவண்டியில் படுத்தபடி கூரையின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் நகர்வதைப் பார்த்திருக்கிறார். இரட்டைக் கதவு வந்தது. அண்ணன் அந்த இடத்தில் நிற்க வேண்டும். “நான் இங்கதான் நிக்கிறேன். எங்கயும் போக மாட்டேன்,” என்றாராம். கதவு மூடியது.

முதுகில் ஊசி. கால்கள் சூடாகி, கனத்து, பிறகு இல்லாமல் போயின. ஒருக்களித்துப் படுக்க வைத்து முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டினார்கள். வலி இல்லை. ஆனால் ரம்பம் ஓடியது கேட்டது. அதன் பிறகு சுத்தியல். உடம்பு முழுவதும் ஒவ்வொரு அடிக்கும் அசைந்தது. தன்னை யாரோ பட்டறையில் வைத்து அடிப்பது போலிருந்தது என்றார். மூச்சு வாங்கியது. கத்த வாயெடுத்தபோது, தலைமாட்டில் நின்ற மயக்க டாக்டர், ஒரு மலாய்ப் பெண், குனிந்து அவர் கன்னத்தில் கை வைத்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். ஸ்கூல் வேன் என்றார் அக்கா. பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரியுமா? தெரியும். அப்படியானால் சொல்லுங்கள், யார் முதலில் ஏறுவது?

அக்கா சொன்னார். வீடு வீடாக, ஏறும் வரிசையில், ஒவ்வொரு பெயராக. முடிந்ததும் பள்ளி விட்டு இறங்கும் வரிசையில் திரும்பச் சொன்னார். சுத்தியல் நின்றபோது அவர் இன்னும் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து தலையணை நனைந்திருந்ததாம்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அண்ணன் எனக்குப் போன் செய்தார். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. மாலையில் நான் போனபோது அந்தச் சிரிப்பு இல்லை.

மரப்பு இறங்கி வலது காலுக்கு உணர்வு வந்திருந்தது. இடது தொடைக்கும் வந்துவிட்டது. டாக்டர் வந்து பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். அக்கா தூக்கினார். பாதம் வரவில்லை. மறுபடி சொன்னார். அக்காவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. கைகள் போர்வையைப் பிடித்தன. பாதம் மட்டும் யாருடையதோ போல விழுந்து கிடந்தது. மேல்பக்கத்தைத் தடவினால் துணிமேல் தடவுவது போலிருந்தது. உடனே படம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு சரியாக உட்கார்ந்திருந்தது. நரம்பு இழுபட்டிருக்கிறது, அறுந்திருக்க வாய்ப்பில்லை, மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். வராமலும் போகலாமா என்று அண்ணன் கேட்டார். போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

அவர் போன பிறகு அக்கா என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

“பாத்தியா, அப்ப அது சாகவே இல்ல. இப்பத்தான் செத்திருக்கு.”

வீட்டுக்கு வந்தார்கள். பாதம் தொங்காமலிருக்க பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் செருப்புக்குள் வைத்துக் கட்டினார்கள். தாழ்வான நாற்காலியில் உட்காரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, தூங்கும்போது தொடைகளுக்கு நடுவில் தலையணை வேண்டும். மீறினால் புதுப் பந்து கிண்ணத்திலிருந்து கழன்றுவிடும். இந்த ஒரு வார்த்தை அக்காவைப் பிடித்துக்கொண்டது. தும்மினால் கழன்றுவிடுமா, இருமினால் கழன்றுவிடுமா என்று என்னிடம் கேட்பார். தலையணை இருக்கிறதா என்று தூக்கத்திலேயே கை போய்த் தடவிப் பார்க்கும் என்று பிரவீனா சொன்னாள். அண்ணன் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினார். பிரவீனாவுக்குக் காலேஜ். கைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு அக்கா அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் மட்டும் நடமாடினார். வாசல் பக்கமே வரவில்லை.

ஒரு நாள் காலை சாம்பார் கொண்டுபோனேன். கிரில் கேட்டில் நின்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டபோது சமையலறையிலிருந்து ஒரு குரல், தணிந்து, ரொம்ப நிதானமாக வந்தது.

“ரூபினி, நான் கீழ கெடக்கிறேன். கதவு பூட்டியிருக்கு.”

பட்டையைக் கட்டாமல் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். தொங்கிய விரல் கால்மிதியில் தடுக்கிவிட்டது. எவ்வளவு நேரமாக அங்கே கிடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. போன் எட்டும் தூரத்தில் மேசைமேல்தான் இருந்திருக்கிறது. அசைந்தால் பந்து வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் அவர் கையைக்கூட நீட்டவில்லை. கூப்பிடவும் இல்லை, கத்தினால் வயிறு இறுகும், இறுகினால் இடுப்பு அசையும். என்னிடமிருந்த மாற்றுச் சாவியை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். உள்ளே போனபோது தரையில் ஒருக்களித்து, கண்ணை அகலத் திறந்துகொண்டு கிடந்தார். உதடு காய்ந்திருந்தது.

“தொடாத. யாரும் தொட வேணாம். ஆம்புலன்ஸ்ல தூக்குறவங்க தூக்கட்டும்.”

நான் தொடவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டுப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன். முகத்துக்கு முகம் தெரிய வேண்டும் என்றுதான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் என் விரல் ஒன்றைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் எனக்கும் பயம் வந்துவிட்டது. கூடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிடந்தோம். மைமூனைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னார்.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். பந்து கழலவில்லை. எதுவும் உடையவில்லை. இடுப்பில் ஒரு ரத்தக்கட்டு, அவ்வளவுதான். டாக்டர் லிம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, இவ்வளவு பலமாக விழுந்தும் நகரவில்லை பாருங்கள் என்றார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். ஆனாலும் வீட்டுக்கு வந்தபின் பட்டையைக் கழற்றவே விடவில்லை. பிசியோவுக்குப் போகும்போது காரிலிருந்து இறங்க மறுத்து இரண்டொரு முறை திரும்பி வந்திருக்கிறார்கள்.

மழைக்காலம் முடியும் சமயம் என்று நினைக்கிறேன். பிரவீனா அம்மாவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். குனிய முடியாததால் அது அவள் வேலை. நகவெட்டி சதையைக் கொஞ்சம் கடித்திருக்கிறது. பெருவிரல் சட்டென்று மேலே எழும்பி அடங்கியது.

“அம்மா, இப்ப நீங்களா ஆட்டுனீங்க?”

அக்காவும் பார்த்திருந்தார்.

“மறுபடி ஆட்டுங்கம்மா.”

“வேணாம்.”

“ஒரே தடவம்மா.”

“வேணாம்னு சொல்றேன்லா. வரலன்னா நான் என்ன செய்வேன்?”

அன்று முழுவதும் அவர் முயன்று பார்க்கவில்லை. அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் பிரவீனா விஷயத்தைச் சொன்னாள். அவரும் ஆட்டிக் காட்டச் சொல்லவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தானாகவே காலை ஸ்டூலில் நீட்டி, பட்டையை அவிழ்க்கச் சொன்னார். விரல் அசைந்தது. கொஞ்சம்தான். அண்ணன் அந்தப் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததைப் பிரவீனா அதற்கு முன் பார்த்ததில்லை.

விரலுக்குப் பிறகு கணுக்கால் வர மாதங்கள் பிடித்தன. இன்றும் முழுதாக வரவில்லை. அசதியாக இருக்கும்போது செருப்பு நுனி தரையில் உரசும். ஆனால் இரண்டு காலும் ஒரே நீளம். தோள் இறங்கி ஏறுவதில்லை. தூரத்திலிருந்து வந்தால் எனக்கே சில சமயம் யாரோ என்று இருக்கிறது. முட்டி வலி, அந்தப் பழைய வலி, அறுவை முடிந்த நாளிலிருந்தே இல்லையாம். பாதத்தைப் பற்றிய பயத்தில் அது போனதைக் கவனிக்கவே பல வாரங்கள் ஆகியிருக்கின்றன.

கிளட்ச் இல்லாத ஆட்டோ வேன் ஒன்று இந்த வருடம் எடுத்தார்கள். பள்ளி திறந்த அன்று வாசலில் அந்த ஒற்றை ஹார்ன் கேட்டது. கவின் இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். என் சின்னவள்தான் ஏறினாள். அந்த மேட்டில் வண்டி ஏறும்போதெல்லாம் ஆன்டி பேச மாட்டார்கள், நாங்களும் பேசக்கூடாது என்று அவள் சொல்கிறாள்.

போன மாதம் வருடாந்தரப் படம் எடுக்க நானும் கூடப் போனேன். அக்கா கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த மூட்டும் தேயும், வயதான காலத்தில் ஒருவேளை மாற்ற வேண்டி வரலாம் என்றார் டாக்டர். அக்காவின் முகம் வெளுத்தது. நான் அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

வெளியே வரும்போது நாம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

“பிள்ளைங்க பள்ளி விடுற நேரம். வா போலாம்,” என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் கார் பார்க்கை நோக்கி நடந்தார்.